கண்ணாடியில் எழுதிய பெயர்



ஹிட்ச்காக் 1938-ல் எடுத்த 'தி லேடி வானிஷஸ்' படத்தை ஹாஸ்டலில் ஒருவன் செல்போனில் பார்த்தோம். ஓடுகிற ரயிலில் ஒரு வயசான அம்மா காணாமல் போகிறார். கூட வந்த இளம்பெண் தேடினால், "அப்படி ஒரு அம்மா ஏறவே இல்லையே" என்று எல்லோரும் சாதிக்கிறார்கள். அவளுக்கே தன் மூளைமேல் சந்தேகம் வந்துவிடுகிறது. அந்த அம்மா ஜன்னல் கண்ணாடியில் விரலால் எழுதிய பெயர்தான் சாட்சி. அதுவும் அழிந்துபோகிறது.

"செம த்ரில்லர்டா" என்றார்கள் நண்பர்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. இதே கதையை ஏற்காட்டில் நேரிலேயே பார்த்தவன் நான்.

எங்கள் எஸ்டேட் லைனில் ஒரு அக்கா. காபிப் பழ சீசன் முடிந்தால் கூலி குறைந்துவிடும். கடனை அடைக்க வளைகுடா நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனார். ரெண்டு மாசம் போன் வந்தது. அப்புறம் நின்றுபோனது. ஏஜெண்டைக் கேட்டால், "நான் அனுப்பவே இல்லை, அவங்களா போனாங்க" என்றான். சொந்தக்காரர்களோ, "அவ அங்கயே இருந்துட்டா" என்று கண்டபடி பேசினார்கள். ஏழாவது படிக்கும் அவர் மகன் என்னிடம் கேட்டான்: "அண்ணா, அம்மாவுக்கு என்மேல கோவமா?"

கடைசியில் ரேஷன் கார்டோடு இருந்த பாஸ்போர்ட் ஜெராக்ஸ் கிடைத்தது. அந்த நம்பரை வைத்துத்தான் மனு கொடுத்தோம். எட்டு மாசம் கழித்து அக்கா திரும்பி வந்தார். பாஸ்போர்ட்டையும் போனையும் அந்த வீட்டுக்காரர்கள் பிடுங்கி வைத்திருந்தார்களாம்.

"பொம்பளைக்கு எதுக்கு வெளிநாடு?" என்று இன்றும் கேட்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிள்ளைகள் சாப்பிட வேண்டும் என்று போனது குற்றமா? அனுப்பிய விதம்தான் குற்றம்!

1983-ம் வருட எமிகிரேஷன் சட்டப்படி, பத்தாவது பாஸ் பண்ணாதவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டும். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். முறைப்படி போனால் முதலாளி பெயர், சம்பளம் எல்லாம் பதிவாகும். அதைத் தவிர்க்கத்தான் சில ஏஜெண்டுகள் சுற்றுலா விசாவில் அனுப்புகிறார்கள். அப்போது அரசாங்கக் கணக்கில் அவர் ஊர் சுற்றப் போனவர்! கண்ணாடியில் எழுதிய பெயர் மாதிரிதான்.

2015-ல் வேலூர் மாவட்டத்திலிருந்து சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போன ஒரு பெண் வலது கையை இழந்தார். நாடே பேசியது. கை போனால்தான் நாம் பேசுவோமா?

சென்னையில் 1978 முதல் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. வெளியுறவுத் துறையிடம் புகார் செய்ய 2015-ல் தொடங்கிய 'மதத்' இணையதளம் இருக்கிறது. இதெல்லாம் லைன் வீடுகளுக்கு யார் சொல்வது?

நாம்தான் சொல்ல வேண்டும். என் அம்மா கைநாட்டு. வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். உங்களில் பலரும் அப்படித்தான். டிராயிங் ஷீட்டில் ஒரு மில்லிமீட்டர் தப்பைக் கண்டுபிடிக்கிற நமக்கு, ஒரு விசா தாளைப் படித்து, "அக்கா, இது வேலை விசா இல்லை" என்று சொல்ல முடியாதா?

லீவுக்கு ஊருக்குப் போகும்போது, வெளிநாடு கிளம்புகிறவர் யாராவது இருந்தால் விசாரியுங்கள். பாஸ்போர்ட், விசா, ஏஜெண்ட் பதிவு எண், முதலாளி விலாசம் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். ரெண்டு ரூபாய் ஜெராக்ஸ் ஒரு அம்மாவைத் திருப்பிக் கொண்டுவரும். நான் பார்த்திருக்கிறேன்.