பேராசிரியர் நெக்ரின் துரோகியா?

ஸ்பெயின் என்றதும் நம்மில் பலருக்குக் காளைச் சண்டைதான் நினைவுக்கு வரும். வரலாறு படிப்பவர்களுக்கு 1936 முதல் 1939 வரை அங்கே நடந்த உள்நாட்டுப் போரும், அதில் வென்ற பிராங்கோவும் நினைவுக்கு வரலாம். தோற்றுப்போன குடியரசின் கடைசிப் பிரதமர் யார் என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது. அவர் பெயர் ஹுவான் நெக்ரின். அரசியலுக்கு வருமுன் அவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர்! எதிரிகள் அவரைக் கொள்ளைக்காரர் என்றனர். சொந்தக் கட்சியினரோ மாஸ்கோவின் கைப்பாவை என்றனர். இரண்டும் வீண்பழி என்பது என் கருத்து. அவரிடம் குறையே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. அதையும் சொல்லத்தான் போகிறேன்.

1892இல் கானரித் தீவுகளில் ஒரு வணிகர் குடும்பத்தில் பிறந்த நெக்ரின், ஜெர்மனியில் லைப்சிக் நகரில் மருத்துவம் பயின்றார். 1922இல் மாட்ரிட் பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியரானார். 1959இல் நோபல் பரிசு பெற்ற செவெரோ ஒச்சோவா அவருடைய மாணவர். 1929இல் சோஷலிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். அந்நாளில் மாட்ரிட்டில் ஒரு பெரிய பல்கலைக்கழக நகரமே எழுந்துகொண்டிருந்தது. அதைக் கட்டும் குழுவின் செயலாளராக இருந்து உழைத்தவரும் அவர்தாம். 1936 நவம்பரில் பிராங்கோவின் படை மாட்ரிட்டைத் தாக்கியபோது, போர்முனை அந்தப் பல்கலைக்கழக நகரத்தின் நடுவிலேயே அமைந்துவிட்டது. கலைப்புல மாடியில் நின்ற குடியரசு வீரர்கள் நூலகத்துத் தடித்த நூல்களை எடுத்துச் சன்னல்களில் அடுக்கி, துப்பாக்கிக் குண்டுகளைத் தடுத்தார்களாம். தாம் பார்த்துப் பார்த்துக் கட்டிய வகுப்பறைகள் தூள்தூளானபோது அவர் நிதியமைச்சராக இருந்தார். அந்த மனம் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு கல்லூரி மாணவன் நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியுமா?

இனி, அந்தத் தங்கக் கதைக்கு வருவோம். 1936 அக்டோபரில் ஸ்பெயின் வங்கியின் 510 டன் தங்கம் கார்த்தஹேனா துறைமுகத்திலிருந்து சோவியத் நாட்டுக்குக் கப்பலேற்றப்பட்டது. நிதியமைச்சர் நெக்ரின். “நாட்டின் பொன்னை ரஷ்யனுக்குத் தூக்கிக் கொடுத்தான்” என்று பிராங்கோவின் ஆட்சி ஆண்டுக்கணக்கில் முழங்கியது. சரி, வேறு என்ன செய்திருக்க வேண்டும்? ஹிட்லரும் முசோலினியும் பிராங்கோவுக்கு விமானங்களையும் படைகளையும் அனுப்பினர். பிரிட்டனும் பிரான்சும் ‘தலையிடாக் கொள்கை’ என்று கூறி, மக்கள் தேர்ந்தெடுத்த அரசுக்கு ஆயுதம் விற்க மறுத்தன. கடை திறந்திருந்த இடத்தில்தானே பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியும்? அந்தத் தங்கம் ஆயுதத்துக்கும் போர்ச் செலவுக்குமே தீர்ந்தது என்பதை வரலாற்றாசிரியர் ஆங்கெல் வின்யாஸ் 1970களில் கணக்குகளை ஆராய்ந்து காட்டினார்.

1937 மே மாதம் நெக்ரின் பிரதமரானார். ‘எதிர்த்து நிற்பதே வெற்றி’ என்பது அவருடைய முழக்கம். அவருடைய அரசு பார்சிலோனாவில் இருந்தபோதுதான், 1938 ஜூனில், நம் நேரு கிருஷ்ண மேனனுடன் அங்கே சென்று குண்டுவீச்சுக்கிடையே ஐந்து நாள் தங்கினார்.

அந்த ஆண்டில் நடந்த ஒரு செயலை மறைக்கக் கூடாது. இல்லை, அதற்கு முந்தைய ஆண்டு; 1937 ஜூனில். ஆந்த்ரேயு நின் என்ற இடதுசாரித் தலைவரைச் சோவியத் உளவாளிகள் கடத்திக் கொன்றனர். பிரதமர் நெக்ரின் குற்றவாளிகளைக் கூண்டில் ஏற்றவில்லை. ஆயுதம் தருபவனைப் பகைக்க முடியாத நிலை என்பார்கள். காரணம் புரிகிறது, மன்னிக்கத்தான் மனம் வரவில்லை.

ஆனால் போரை வீணாக நீட்டி உயிர்களைப் பலியிட்டார் என்ற குற்றச்சாட்டை நான் ஏற்க மாட்டேன். 1939 பிப்ரவரியில் பிகேரஸ் கோட்டையில் கூடிய கடைசி நாடாளுமன்றத்தில் அவர் சமாதானத்துக்கு வைத்த நிபந்தனைகள் மூன்றே: நாட்டின் விடுதலை, மக்கள் வாக்கெடுப்பு, பழிவாங்காமை. அதே மாதம் பிராங்கோ பிறப்பித்த சட்டமோ, 1934 அக்டோபர் முதலான அரசியல் செயல்களுக்கெல்லாம் தண்டனை என்றது! இப்படிப்பட்டவனிடம் சரணடைந்தால் கருணை கிடைக்குமா? கிடைக்கும் என்று நம்பியவர் மற்றொரு சோஷலிஸ்டுப் பேராசிரியர், ஹுலியான் பெஸ்தெய்ரோ. மார்ச் மாதம் கர்னல் கசாதோ மாட்ரிட்டில் நெக்ரினுக்கு எதிராகக் கிளர்ந்தபோது அவர் கசாதோவுடன் சேர்ந்தார். தப்பி ஓடாமல் மாட்ரிட்டிலேயே இருந்தார். அந்த நேர்மையை வணங்குகிறேன். அவருக்கு 30 ஆண்டுச் சிறை விதித்தார்கள். 1940 செப்டம்பரில் கர்மோனா சிறையில் மாண்டார். ஐரோப்பியப் போர் மூளும்வரை தாக்குப்பிடித்தால் பிழைக்கலாம் என்பது நெக்ரினின் கணக்கு. ஸ்பெயினில் போர் முடிந்தது 1939 ஏப்ரல் 1. ஹிட்லர் போலந்தில் புகுந்தது செப்டம்பர் 1. ஐந்தே மாதம்!

கசாதோவின் கிளர்ச்சிக்குப் பின் நெக்ரின் விமானமேறி வெளியேறினார். அதற்கு முன்பே ஏறத்தாழ 5 லட்சம் பேர் பனிக்காலத்தில் பிரான்சின் எல்லையைக் கடந்து, ஆர்ஜெலெஸ் போன்ற கடற்கரை முகாம்களில் வெறும் மணலில் கிடந்தனர். அகதிகளுக்கு உதவ நெக்ரின் ஓர் அமைப்பு ஏற்படுத்தினார். அவருடைய பழைய நண்பர் இந்தலேசியோ பிரியேதோ போட்டிக்கு மற்றோர் அமைப்பு தொடங்கினார். நெக்ரின் அரசு மெக்சிகோவுக்கு அனுப்பிய கப்பல்நிறைப் பொருள் பிரியேதோவின் கைக்குப் போயிற்று. மணலில் கிடந்தவனுக்கு ரொட்டி வேண்டும். தலைவர்களுக்கோ பெட்டிச் சாவி யாரிடம் என்பதே வழக்கு. நாட்டை இழந்த பின்னும் கட்சிச் சண்டை மட்டும் கூடவே வருகிறது பாருங்கள்!

ஜெர்மானியர் பிரான்சைப் பிடித்ததும் நெக்ரின் லண்டன் சென்றார். தப்ப முடியாதவர்களின் கதி வேறு. அவருடைய அமைச்சராக இருந்த சுகசகோய்த்தியாவை ஜெர்மன் காவலர் பிடித்துப் பிராங்கோவிடம் ஒப்படைக்க, 1940 நவம்பரில் சுட்டுக் கொன்றனர். 1945இல் மெக்சிகோவில் நெக்ரின் பிரதமர் பதவியைத் துறந்தார். 1946இல் கட்சி அவரை நீக்கியது. நாடு துரத்தியதை அவர் எதிர்பார்த்திருப்பார். கட்சியும் துரத்தும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. 1956 நவம்பர் 12 அன்று பாரிசில் இறந்தார். கட்சி அவரை மீண்டும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது 2008இல்!

தங்கத்துக்கான பற்றுச்சீட்டுகளை அவர் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார். அவர் மறைந்த அடுத்த மாதமே அவை பிராங்கோ அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. நாடு கடந்து வாழ்ந்த தோழர்கள் பலர் இதற்காகவும் அவரை ஏசினர். நான் ஏசமாட்டேன். அந்தத் தாள்கள் ஸ்பெயினுடையவை. அவற்றைத் தம் சொத்தென்று அவர் நினைக்கவில்லை.