பேரேட்டில் ஏறாத மரங்கள்

நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில், பிராட்ஸ்வில் என்ற ஊரில், ஒரு தொழிற்சாலையின் கணக்கைப் பாறையில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு ஹெம்லாக் மரம். அதன் பட்டையைக் கொண்டு பத்து லட்சம் அரைத்தோல் பதனிடப்பட்டது என்ற வாசகம். செதுக்கச் சொன்னவர் டேனரி எனப்படும் தோல் பதனிடும் ஆலையின் முதலாளி ஸடாக் பிராட். 1824இல் அவ்வூரின் ஓடைக்கரைக்கு வந்தார். 1833இல் ஊரே அவர் பெயருக்கு மாறியது.

ஹெம்லாக் என்றதும் சாக்ரடீஸ் குடித்த நஞ்சு நினைவுக்கு வரும். அது செடி, இது நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வாழும் ஊசியிலை மரம். இதன் பட்டையில் துவர்ச்சத்து அதிகம். பட்டையைப் பொடித்து ஊறவைத்த சாற்றில்தான் செருப்பின் அடித்தோல் மாதக்கணக்கில் கிடந்து பதப்படும். தோலைவிடப் பட்டை பல மடங்கு வேண்டும். பட்டையை நகரத்துக்குச் சுமப்பதைவிடத் தோலை மலைக்கு ஏற்றுவது மலிவு. ஆகவே தென் அமெரிக்க மாட்டுத்தோல்கள் கப்பலில் நியூயார்க்குக்கு வந்து, ஹட்சன் ஆற்றில் படகேறி, பின்பு வண்டிகளில் மலையேறின. அதே வழியில் அடித்தோலாகத் திரும்பின.

அக்காலத்து டேனரிப் பேரேடுகள் இந்தப் போக்குவரத்தின் கண்ணாடி. பெரும்பாலும் தோல் நியூயார்க் வணிகருடையது. டேனரிக்காரருக்குக் கிடைப்பது பதனிட்ட கூலி. எனவே வந்த தோலின் எடை, திரும்பிய தோலின் எடை, பதனிட்டதில் கூடிய எடை எல்லாம் ராத்தல் சுத்தமாக எழுதப்பட்டன. பட்டைக்கும் அளவு உண்டு: ஒரு கார்ட் என்றால் 128 கன அடி அடுக்கு. இருபது ஆண்டுகளில் ஒன்றரை லட்சம் கார்ட் பட்டை செலவானதாகப் பிராட்டின் கணக்கு சொல்கிறது.

பட்டை உரிந்த மரம் என்னவானது? கோடையின் தொடக்கத்தில், சாறு ஓடும் பருவத்தில் மரத்தை வெட்டிச் சாய்ப்பார்கள். பட்டை மட்டும் ஊருக்குப் போகும். கட்டை பெரும்பாலும் அங்கேயே கிடந்து மக்கும். விலை போகாத பொருளுக்குப் பேரேட்டில் பத்தி கிடையாது. டேனரியின் கழிவு கலந்த ஓடைக்கும் அதே கதி. கூட்டலில் ஒரு தவறும் இருக்காது; ஆனாலும் அந்தக் கணக்கு பொய்க்கணக்கு என்றே நாங்கள் கருதுகிறோம்.

பிராட்டின் டேனரி 1840களின் நடுவிலேயே நின்றுவிட்டது. சுற்றிலும் பட்டை தீர்ந்துபோயிருந்தது. மற்ற டேனரிக்காரர்கள் அடுத்த மலைக்கும், பிறகு பென்சில்வேனியாவுக்கும் நகர்ந்தார்கள்.

தொழில் வரலாறு எழுதுவோர் இப்பேரேடுகளை லாப நட்டம் பார்ப்பதற்கு மட்டும் புரட்டுவது போதாது. எத்தனை கார்ட் பட்டை என்ற வரி வரும் ஒவ்வோர் இடத்திலும், எத்தனை மரம் என்ற கேள்வியை ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிராட்டின் டேனரி நின்று வெகுகாலம் கழித்து, 1885இல்தான் கேட்ஸ்கில் காடுகளுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது.