திருநர்களும் உளவளத்துணையும்: மனம் விட்டுப் பேசுவதா, சான்றிதழுக்காகப் பேசுவதா?

கடந்த வருடம் வன்னியைச் சேர்ந்த தோழி ஒருவருக்குத் துணையாக உளவளத்துணையாளர் ஒருவரிடம் போயிருந்தேன். தோழி ஒரு திருநங்கை. தையல் கடை வேலை போய், பல மாதங்களாகச் சரியான நித்திரையும் இல்லாமல் இருந்தார். காதுகொடுத்துக் கேட்க ஒருவர் கிடைத்தால் போதும் என்ற நிலை. உள்ளே போனவர் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார்.

“என்னைத் தம்பி எண்டுதான் கூப்பிட்டவ அக்கா. அடுத்தமுறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரட்டாம். ஒரு கலியாணம் செய்தால் எல்லாம் சரியாயிடுமாம்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் வேறெதுவும் பேசவில்லை.

இதை ஒருவருடைய அறியாமை என்று சொல்லிவிட்டுப் போகலாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோதே, திருநராக இருப்பது மனநோய்ப் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டது. அதைப் படிக்காத ஒருவரிடம் நாம் போய்விட்டோம், அவ்வளவுதான் என்று ஆறுதல்படலாம். ஆனால், சிக்கல் அந்த அறைக்குள் மட்டும் இல்லை.

2016ஆம் ஆண்டு சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றுநிருபம் ஒன்றின் மூலம் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் நடைமுறைக்கு வந்தது. பிறப்புச் சான்றிதழில் பால் விபரத்தை மாற்றவும், அதன் வழியாகத் தேசிய அடையாள அட்டையை மாற்றவும் அது வேண்டும். பல வருடப் போராட்டத்தில் கிடைத்த முன்னேற்றம் அது. குறைத்து மதிப்பிட முடியாது. எனினும் அந்தச் சான்றிதழ் உளமருத்துவ நிபுணரின் மதிப்பீட்டில் தொடங்கி, ஹோர்மோன், சத்திரசிகிச்சை என்று மருத்துவப் பாதையில்தான் நகர்கிறது. ஆர்ஜென்டினா 2012இல் இயற்றிய சட்டம் மருத்துவச் சான்று எதையும் கேட்பதில்லை. இங்கே ஒருவர் தான் யார் என்பதை இன்னொருவர் உறுதிப்படுத்த வேண்டியிருக்கிறது.

இதன் விளைவை அதிகம் யாரும் பேசுவதில்லை. சான்றிதழ் தரும் அதிகாரம் உள்ளவரிடம் யார் உண்மையைச் சொல்வார்கள்? “சில நாட்களில் எனக்கே குழப்பமாக இருக்கிறது”, “செத்துவிடலாம் போலிருக்கிறது” என்று சொன்னால் சான்றிதழ் தள்ளிப்போகுமோ என்ற பயம். எனவே ‘சிறுவயதிலிருந்தே எனக்குத் தெரியும்’ என்ற ஒரே கதையை எல்லோரும் மனனம் செய்துகொண்டு போகிறார்கள். மிக அவசியமாகப் பேச வேண்டியதை அந்த அறையில்தான் மறைக்க வேண்டியிருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 365அ, ஆள்மாறாட்டம் தொடர்பான 399, 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் ஆகியவற்றைக் காட்டிப் பொலிஸார் திருநர்களை மிரட்டும் நாட்டில், கோப்பில் எழுதப்படும் ஒவ்வொரு வரியும் பயம்தான்.

வடக்கில் இருக்கும் எமக்கு இது புரியாமல் போகக்கூடாது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாயின் நித்திரையின்மையை அவருடைய மூளையின் கோளாறாக மட்டும் பார்க்கக்கூடாது என்பதை, தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்களும் உளசமூகப் பணியாளர்களும் எமக்குச் சொல்லித் தந்தார்கள். துயரத்தின் காரணம் வெளியே, சமூகத்திலும் அரசிலும் இருந்தது. அதே பார்வையை வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட திருநங்கைக்குக் கொடுக்க ஏன் தயங்குகிறோம்?

இரண்டாவது தடவை நாங்கள் அவசரப்படவில்லை. முதலில் வேறு திருநங்கைகளிடம் விசாரித்தோம். அவர்கள் சொன்ன ஒருவருக்கு நான் தொலைபேசி எடுத்து நேரடியாகவே கேட்டேன்: எந்தப் பெயரால் அழைப்பீர்கள்? கோப்பில் என்ன எழுதுவீர்கள், அதை யார் பார்ப்பார்கள்? வீட்டாருக்கு அறிவிப்பீர்களா? அவர் சற்று யோசித்துவிட்டு, திருநர் ஒருவருடன் தான் இதுவரை வேலைசெய்ததில்லை, வாசித்து ஆயத்தமாகிறேன், பிழைவிட்டால் சொல்லுங்கள் என்றார். எனக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. எல்லாம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்பவரைவிட இவர் பரவாயில்லை. முக்கியமாக, இவருக்கும் சான்றிதழுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

உளவளத்துணையைச் சான்றிதழிலிருந்து பிரிக்க வேண்டும், சுயபிரகடனத்தின் அடிப்படையில் ஆவணங்களை மாற்ற வேண்டும் என்பவை திருநர் செயற்பாட்டாளர்களின் கோரிக்கைகள். அவற்றுக்குத் துணை நிற்க விரும்புபவர்கள் முகநூலில் வானவில் படம் மாற்றுவதோடு நிறுத்தாமல், வேறு சிலவற்றையும் செய்யலாம். கிளினிக்குக்கும் பிரதேச செயலகத்துக்கும் கூடப் போகலாம். பக்கத்தில் ஒருவர் நின்றாலே கவுண்டரில் பேசும் தொனி மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். கொழும்புக்குப் போய்வரும் பயணச் செலவைப் பொறுப்பெடுக்கலாம். கடை வைத்திருப்பவர்கள் வேலை கொடுக்கலாம். தோழி இழந்த வேலை திரும்பக் கிடைத்திருந்தால், பாதி நித்திரையாவது வந்திருக்கும் என்று அவரே சொல்வார்.

அவர் இப்போது இரண்டு கிழமைக்கு ஒருமுறை அந்த உளவளத்துணையாளரிடம் போகிறார். சான்றிதழுக்கான கிளினிக் வேறு இடத்தில், வேறு நாளில். அங்கே இன்னும் மனனம் செய்த கதையைத்தான் சொல்கிறார்.