‘ஓகே அழுத்துங்க, போயிடும்’

கணினி உயிர் பெற்றதும் திரையின் நடுவில் ஒரு சிறு பெட்டி. மேலே ‘விண்டோஸ் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்’ என்ற தலைப்பு, கீழே ஒரு கோப்பைக் காணவில்லை என்ற வரி. அந்தக் கோப்பின் பாதை ‘ஆப்டேட்டா’, ‘ரோமிங்’ என்று போய், வாயில் நுழையாத பெயருள்ள ஒரு விபிஎஸ் கோப்பில் முடியும். சர்வீஸ் கடை, ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர் என்று பிழைக்கும் எங்களில் இதைப் பார்க்காதவர்கள் குறைவு. “அண்ணே, தினமும் இது வருது, வைரஸா இருக்குமா?” என்று கேட்டவர்களிடம், “ஒண்ணும் இல்லம்மா, ஓகே அழுத்துங்க, போயிடும்” என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

விஷயம் தெரியாமல் சொல்லவில்லை. விண்டோஸ் தொடங்கும்போது எதையெல்லாம் ஓட்டவேண்டும் என்ற பட்டியல் ரெஜிஸ்ட்ரியின் ‘ரன்’ கீயில் இருக்கிறது. ஸ்டார்ட்அப் ஃபோல்டரும் டாஸ்க் ஷெட்யூலரும் இன்னும் இரண்டு வாசல்கள். உள்ளே வந்த வைரஸ் இவற்றில் எங்காவது தன் பெயரை எழுதிவைக்கும். பின்னால் ஆன்ட்டிவைரஸ் கோப்பை அழித்தாலும், எழுதிவைத்த வரி அப்படியே நின்றுவிடுவதுண்டு. அந்த வரியை நம்பித்தான் விண்டோஸ் இல்லாத கோப்பைத் தேடுகிறது. டிஎல்எல் கோப்பு என்றால் ‘ரன்டிஎல்எல்’ பெட்டி வரும். எப்போதும் வைரஸ்தான் என்றில்லை, அரைகுறையாக நீக்கிய பிரிண்டர் மென்பொருளும் இதே வேலையைச் செய்யும். பாதையைப் படித்தாலே பாதி விளங்கிவிடும். அதைக்கூட நாங்கள் படிக்கவில்லை.

பாதையைப் படித்த சிலர் எம்எஸ்கான்ஃபிக்கின் ஸ்டார்ட்அப் பட்டியலில் ஒரு டிக்கை எடுத்துவிட்டார்கள். பெட்டி வருவது நின்றது, காசு வாங்கிக்கொண்டோம். இப்போது காணாமல் போன அந்தக் கோப்பு, இருந்த நாட்களில் என்ன செய்துகொண்டிருந்தது? அதைக் கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை.

பென்டிரைவில் ஃபோல்டர்கள் மறைந்து அவற்றின் இடத்தில் ஷார்ட்கட்டுகள் முளைத்த காலம் நினைவிருக்கும். அந்த வகையில் ஒன்றான ‘ஹவுடினி’ புழுவைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் 2013இல் விவரித்தார்கள். எங்கோ இருக்கும் ஒருவர் அந்தக் கணினிக்குக் கட்டளையிடவும், கோப்புகளை எடுத்துக்கொள்ளவும், வேறு நிரல்களை இறக்கவும் அது வழி செய்தது. எங்கள் வைத்தியமோ மறைந்த ஃபோல்டர்களை வெளியே காட்டும் ‘ஆட்ரிப்’ கமாண்டோடு முடிந்தது. திருடன் வீட்டுக்குள் இருக்க, அவன் ஒளித்துவைத்த பாத்திரங்களை மட்டும் எடுத்துக் கொடுத்தோம். அதே பென்டிரைவை எங்கள் கடைக் கணினியில் செருகினோம். அடுத்து பயோடேட்டா பிரிண்ட் எடுக்க வந்த பிள்ளையின் பென்டிரைவுக்கும் புழு போனது.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. கிராக் செய்த விண்டோஸைப் போட்டுக்கொடுத்து, ஆக்டிவேட்டர் ஓடுவதற்காக ஆன்ட்டிவைரஸை அணைத்தோம், ‘ஜெனுவின் இல்லை’ என்ற எச்சரிக்கை வராமலிருக்க அப்டேட்டையும் அணைத்தோம். 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரு பேட்ச் வெளியிட்டது. அது அடைத்த ஓட்டை வழியாகத்தான் மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை உலகமெங்கும் பரவியது. தப்பிக்கக் கிடைத்த அந்த இரண்டு மாத அவகாசத்தை, நாங்கள் அப்டேட்டை அணைத்துவைத்த கணினிகளுக்குக் கிடைக்காமல் செய்தது நாங்கள்தான்.

முறையாகச் செய்யவேண்டியது எங்களுக்குப் புரியாத வித்தை அல்ல. முதலில் இணைப்பைத் துண்டித்து, டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டவேண்டும். மார்க் ருசினோவிச் பெயரோடு அறியப்படும் சிசின்டெர்னல்ஸ் தொகுப்பில் ‘ஆட்டோரன்ஸ்’ இலவசமாகவே கிடைக்கிறது. அதில் மூன்று வாசல்களையும் பார்த்து, அநாதையாக நிற்கும் வரியைக் கடைசியில் நீக்கவேண்டும். இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு நடத்தும் சைபர் ஸ்வச்சதா கேந்திரா 2017 முதல் இலவசக் கருவிகள் தருகிறது. வாடிக்கையாளரிடம் அதன் பெயரைக்கூடச் சொன்னதில்லை.

இவற்றைவிடவும் அவசியமான ஒன்றுக்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை. “இந்த மெஷின்ல அடிச்ச பேங்க் பாஸ்வேர்டு, மெயில் பாஸ்வேர்டு எல்லாத்தையும் வேற நல்ல போன்ல இருந்து மாத்திடுங்கம்மா” என்று சொல்லியிருக்கவேண்டும். ஸ்காலர்ஷிப் விண்ணப்பமும் கணவர் அனுப்பும் பணமும் அந்த ஒரு கணினியை நம்பியிருந்த வீடுகள் அவை. சொன்னால், வைரஸ் எங்கள் கடையிலிருந்து வந்தது என்பார்களோ என்று பயந்தோம். பல நேரம் அது உண்மையாகவும் இருந்தது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. நாங்கள் போட்டுக்கொடுத்த பல கணினிகளில் இன்னும் அதுதான் ஓடுகிறது. அவற்றின் உரிமையாளர்களுக்கு நாங்கள் இன்னும் போன் செய்யவில்லை.