பந்து வர முந்தி என்ன செய்தவன்?

குருநகரில் ஒரு பாடசாலை மட்ச் முடிந்து வெளியே வரும்போது சனம் கதைப்பது இரண்டே விசயம். ஆர் கோல் அடிச்சது, ஆர் கூட ஓடினது. "என்ன ஓட்டமடா, பெடியன் பறக்கிறான்" என்று கோட்டுக்கு வெளியே நிற்கும் ஒரு அண்ணை சொல்லிவிட்டால் போதும், அந்தப் பெடியனுக்குப் பெறுபேறு வந்துவிட்டது. மாவட்டத் தெரிவு வந்தாலும் கழகத்துக்கு ஆள் எடுத்தாலும் அந்த ஒரு வசனம்தான் சான்றிதழ். கோல் அடிக்காதவனுக்கும் பறக்காதவனுக்கும் வசனமே இல்லை.

நாங்களும் அதே கோட்டில் நின்று அதே மாதிரிக் கத்தினவர்கள்தான். ஆகவே இந்தக் கட்டுரையில் முதல் குற்றவாளிகள் நாங்கள்.

போன வருசம் எங்கட கண்ணுக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு தம்பி. இடது விங். சீசன் முழுக்க ஒரே ஒரு கோல். ஓட்டமும் சாதாரணம். வலப்பக்கம் விளையாடின மற்றவன் நல்ல வேகம், கோலும் ஐந்தாறு. தெரிவு நடந்தது, வேகக்காரன் எடுபட்டான், தம்பி வீட்டுக்குப் போனான். ஆரும் சண்டை பிடிக்கவில்லை, நாங்களும் நியாயம் என்றுதான் நினைத்தோம்.

பிறகு ஒரு இரவு, ஆரோ போனில் எடுத்த ஒரு மட்சைச் சும்மா இருந்து திரும்பப் பார்த்தோம். அப்போதுதான் தெரிந்தது. பந்து வலப்பக்கம் இருக்கும்போதெல்லாம் தம்பி இடது கோட்டில் சும்மா நிற்கவில்லை. உள்ளே வெட்டி ஓடுகிறான். அவனைக் காக்கிற பாக் அவனோடு இழுபட்டுப் போகிறான். அந்த வெற்றிடத்தில்தான் எங்கட ஆட்கள் வந்து கோல் அடிக்கிறார்கள். வேகக்காரனின் கோல்களில் இரண்டு அப்படி வந்தவை. கிறவுண்டில் நின்று பார்த்த எங்களில் ஒருத்தருக்கும் அது தெரியவில்லை. ஏனென்றால் நாங்கள் எல்லாரும் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தம்பி இப்போது தகப்பனோடு நண்டு வலைக்குப் போகிறான். அது குறைவான வேலை இல்லை, குருநகரே அந்தக் கடலில்தான் நிற்கிறது. அவன் பெரிய வீரனாக வந்திருப்பான் என்றும் நாங்கள் சொல்ல வரவில்லை. வந்திருப்பானா இல்லையா என்று சொல்ல எங்களிடம் ஒரு துண்டுக் கடதாசி கூட இல்லை. எங்கட கவலை அதுதான்.

இந்தக் கவலையோடு, விளையாட்டில் இளம் ஆட்களை அளக்கிறதுக்குக் காசைக் கொட்டுகிறவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று தேடினோம். தேடல் அமெரிக்காவில் போய் நின்றது. அங்கே ‘புட்போல்’ என்றால் எங்கட உதைபந்தாட்டம் இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற விளையாட்டு. அதில் வைட் ரிசீவர் என்று ஒரு இடம். மைதானத்தின் ஓரத்தில் நின்று, தன்னைக் காக்கிறவனைக் கழற்றிவிட்டு ஓடி, தூர இருந்து எறியப்படும் பந்தைப் பிடிக்க வேண்டும். எங்கட விங்கருக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வையுங்கோ.

பல்கலைக்கழகங்களில் விளையாடும் ஆட்களை என்.எப்.எல். என்ற தொழில்முறை லீக்கின் 32 அணிகளும் ஒவ்வொரு ஏப்ரலிலும் முறை வைத்துத் தெரிவு செய்கின்றன. அதற்கு டிராப்ட் என்று பெயர். 7 சுற்று. போன சீசனில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. அதற்குச் சில கிழமைகள் முந்தி இண்டியானாபொலிஸ் நகரத்தில் எல்லாரையும் கூப்பிட்டு அளக்கிறார்கள். உயரம், நிறை, கையின் அகலம், பாய்ச்சல், எல்லாவற்றுக்கும் மேலே 40 யார் ஓட்டம். கிட்டத்தட்ட 36.6 மீற்றர்.

2017ஆம் ஆண்டு அந்த ஓட்டத்தை ஜோன் றொஸ் என்ற ரிசீவர் 4.22 செக்கனில் ஓடினார். அதுவரை இருந்த சாதனை உடைந்தது. சின்சினாட்டி அணி அவரை 9வது ஆளாக எடுத்தது. அதே வருடம் கூப்பர் கப் என்று இன்னொருத்தர். பெரிய பெயர் இல்லாத கிழக்கு வாஷிங்டன் பல்கலைக்கழகம். அதே தூரம் 4.62 செக்கன். 69வது ஆளாகத்தான் எடுபட்டார்.

பிறகு நடந்தது இது. றொஸ் முதல் சீசனில் ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. காயங்களும் இருந்தன, ஆனால் அதற்குப் பிறகும் அந்த 9வது இடத்துக்குரிய ஆட்டம் வரவில்லை. கப், 2021 சீசனில் 145 பந்து பிடித்து, 1,947 யார் தூரம் எடுத்து, 16 டச்டவுன் போட்டு, மூன்று கணக்கிலும் லீக்கிலேயே முதலாவதாக வந்தார். அந்த சீசனின் சுப்பர் போல் இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரரும் அவர்தான். 0.40 செக்கன் வித்தியாசம் அவரை 60 இடம் பின்னுக்குத் தள்ளியது என்று சொன்னால் கொஞ்சம் கூட்டிச் சொல்வதாக இருக்கலாம், சின்னப் பல்கலைக்கழகம் என்ற சந்தேகமும் சேர்ந்துதான் தள்ளியது. ஆனால் அந்த 0.40 செக்கன் விளையாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பது மட்டும் உண்மை.

இது ஒரு தனிக்கதை இல்லை. 2023இல் 177வது ஆளாக எடுபட்ட பூக்கா நகுவா, முதல் சீசனிலேயே 105 பந்து பிடித்து 1,486 யார் எடுத்து, புதுமுக ஆட்களின் அன்றைய சாதனைகளை உடைத்தார். இவ்வளவு காசு, இவ்வளவு கமரா, இவ்வளவு நிபுணர்கள் இருந்தும் அவர்களுக்கே பிழைக்கிறது. எங்களுக்குப் பிழைக்காதா?

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அவர்களுக்குப் பிழைத்தால், எங்கே பிழைத்தது என்று திரும்பிப் பார்க்க ஒளிப்பதிவும் கணக்கும் கிடக்கிறது. அப்படித் திரும்பிப் பார்த்துத்தான் சில நல்ல கேள்விகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்குக் காசு தேவையில்லை. குருநகருக்கும் பொருந்தும்.

முதல் கேள்வி, எத்தனை வயதில்? ஒரு ரிசீவர் பல்கலைக்கழகத்தில் எந்த வயதில் அணியின் முக்கிய ஆளாக வந்தார் என்று பார்க்கிறார்கள். எங்கட 20 வயதுப் பிரிவில் 19 வயதுப் பெடியன் அடிக்கிற ஐந்து கோலும், அதே பிரிவில் 16 வயதுப் பெடியன் தாக்குப்பிடித்து விளையாடுகிற அறுபது நிமிசமும் ஒரே தராசில் வைக்கிற சாமான் இல்லை. தாடி முளைத்தவன் முளைக்காதவனைத் தள்ளி விழுத்தினதைத் திறமை என்று நாங்கள் எத்தனை தரம் கைதட்டியிருப்போம்?

இரண்டாவது, ஆருக்கு எதிராக? இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரிக்கு எதிராக ஒரு விங்கர் இரண்டு தரம் பாக்கைக் கடந்து போனால், அது இளைத்த ஒரு அணிக்கு அடித்த நான்கு கோலை விடப் பெறுமதி. கழக மட்டத்திலும் அப்படித்தான். பாடும்மீனின் சட்டை போட்டுக்கொண்டு நாவாந்துறை சென்.மேரிஸுக்கோ பாசையூர் சென்.அன்ரனிஸுக்கோ எதிராக இறங்குகிற நாளில்தான் ஒருத்தனின் கால் நடுங்குகிறதா என்று தெரியும்.

மூன்றாவது, அணியில் அவனுடைய பங்கு எவ்வளவு? இருபது கோல் அடித்த அணியில் நான்கு கோல் அடித்தவனையும், முழுத் தொடரிலும் மூன்றே கோல் அடித்த அணியில் இரண்டுக்குக் காரணமானவனையும் எண்ணிக்கையால் மட்டும் பார்த்தால் முதலாவது ஆள்தான் பெரியவன். ஆனால் இரண்டாவது ஆள் இல்லாவிட்டால் அந்த அணியே இல்லை.

நான்காவதுதான் பெரியது. பந்து வர முந்தி என்ன செய்தவன்? ரிசீவர் ஒருத்தருக்குப் பந்து வருவது ஒரு மட்சில் சில தரம்தான். மிச்ச நேரம் முழுக்க அவர் ஓடுகிற கோடு, திரும்புகிற விதம், காக்கிறவனை ஏமாற்றுகிற தோள் அசைவு. கப் வென்றது அங்கேதான். எங்கட விளையாட்டும் அப்படித்தான். 90 நிமிச மட்சில் ஒரு ஆளின் காலில் பந்து இருக்கிறது இரண்டு மூன்று நிமிசம். மிச்சத்தை நாங்கள் பார்ப்பதே இல்லை. அந்தத் தம்பியை நாங்கள் தவறவிட்டது அந்த மிச்சத்தில்.

சரி, ஒழுங்காக அளந்தாலும் போவதற்கு இடம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2021இல் இலங்கையின் முதலாவது தொழில்முறை லீக் என்று சுப்பர் லீக் தொடங்கியபோது 10 கழகங்கள் இருந்தன. வடக்கிலிருந்து ஒன்றுகூட இல்லை. அந்தப் பத்தில் மூன்று, தரைப்படை, கடற்படை, விமானப்படை கழகங்கள். குருநகர்ப் பெடியன் ஒருத்தனுக்கு உதைபந்தாட்டத்தால் சம்பளம் வரக்கூடிய இடங்களில் சில அவை. அந்தச் சீருடையைப் பற்றி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு ஞாபகம் இருக்கிறது, அதை நாங்கள் இங்கே விளக்கத் தேவையில்லை. பிறகு 2023 ஜனவரியில் இலங்கையையே பிபா இடைநிறுத்தியது, ஓகஸ்ட் வரை அது நீடித்தது. கிரிக்கெட்டில் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயரில் ஒரு அணி வந்தது. அந்தக் கதவால் 2020இல் உள்ளே போன யாழ். மத்திய கல்லூரியின் வியாஸ்காந்த் 2024இல் சன்ரைசர்ஸ் ஐதராபாத் வரைக்கும் போனார். உதைபந்தாட்டத்தில் எங்கட பெயர் போட்ட கதவு இன்னும் இல்லை.

ஆனால் கதவு இல்லை என்பதைச் சாட்டாக வைத்து நாங்கள் எங்கட பங்கைச் செய்யாமல் விடுகிறோம். இலங்கைத் தேசிய அணிக்கு இப்போது வெளிநாட்டில் வளர்ந்தவர்களையும் கூப்பிடுகிறார்கள். லண்டனில் பிறந்த விங்கர் டிலன் டி சில்வா அப்படி வந்தவர். அது நல்ல விசயம், அவர்களில் எங்களுக்குக் கோபம் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கோ. அங்கே வளர்ந்த ஒருத்தர் எந்த வயதில் எந்த அணிக்கு விளையாடினார் என்று கொழும்பில் இருந்துகொண்டே தேடி எடுக்கலாம். கொழும்பிலிருந்து 400 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிற எங்கட பெடியனைத் தேட என்ன இருக்கிறது? கூடிப்போனால் பேப்பரில் ‘3:1 என்ற கோல் கணக்கில் வெற்றி’ என்ற நான்கு வரி. கோல் அடித்தவரின் பெயரோடு அது முடிந்துவிடும்.

"இதெல்லாம் எழுதி வைச்சு என்ன, கோச்சின்ர கண் போதும்" என்று ஒரு அண்ணை எங்களிடம் சொன்னார். நல்ல கோச்சின் கண்ணை நாங்கள் மதிக்கிறோம். எங்கட பாடசாலைகளில் அரைவாசிப் பேர் சம்பளமில்லாமல், வேலை முடிந்து வந்துதான் பழக்குகிறார்கள். ஆனால் ஒரு கண் இருபத்திரண்டு பேரை ஒரே நேரத்தில் பார்க்காது. அந்தக் கண்ணுக்கும் ஊர் உண்டு, சொந்தம் உண்டு, பிடித்த கழகம் உண்டு. எழுதி வைத்தது அந்தக் கண்ணைத் தோற்கடிக்க இல்லை, அதற்குத் துணையாக நிற்க. இலக்கம் மட்டும் போதும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. 4.22உம் ஒரு இலக்கம்தானே.

ஆகவே நாங்கள் ஒரு சின்ன வேலை தொடங்குகிறோம். கலைப்பீடப் பிள்ளைகளான எங்களுக்குப் புள்ளிவிபரம் பெரிதாகத் தெரியாது, ஆனால் எழுதத் தெரியும். இந்த சீசனில் ஒவ்வொரு மட்சுக்கும் எங்களில் இரண்டு பேர் ஒரு 80 பக்கக் கொப்பியோடு வருவோம். ஒருத்தர் பந்தைப் பார்ப்பார். மற்றவர் பந்தைப் பார்க்கவே கூடாது. பத்து நிமிசத்துக்கு ஒரு ஆள் என்று தெரிந்து, அவன் பந்து இல்லாமல் என்ன செய்கிறான் என்று மட்டும் எழுதுவார். பெயர், பிறந்த வருசம், எதிரணி, இடது காலும் வேலை செய்யுதா, பந்து பறிபட்டால் திரும்பி ஓடுறானா நிற்கிறானா. அவ்வளவுதான். சீசன் முடிய அந்தந்தப் பெடியனுக்கும் அவனுடைய கோச்சுக்கும் அவனைப் பற்றின பக்கத்தைக் கொடுப்போம். மற்றவர்களுக்குக் காட்டுவதா இல்லையா என்பதை அவர்களே முடிவெடுக்கட்டும்.

நாவாந்துறை, பாசையூர், இளவாலை, ஊரெழுப் பக்கம் இருக்கிற வாசகர்களும் இதைச் செய்யலாம். உங்கட கொப்பியும் எங்கட கொப்பியும் ஒரே பெடியனைப் பற்றி வேறு வேறு மாதிரிச் சொன்னால் இன்னும் நல்லது, இருந்து வாதாடலாம்.

அந்தத் தம்பியிடமும் சொன்னோம். போனில் அந்த வீடியோவைக் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அண்ணை, நான் உள்ளுக்கை ஓடேக்கை லெப்ட் பாக் ஏறி வரவேணும் எண்டு ஒவ்வொரு நாளும் கத்தினனான். ஒருத்தருக்கும் கேக்கேல்லை" என்றான். வயது பதினெட்டுத்தான். பாடும்மீனில் பின்னேரம் பழக வரச் சொல்லியிருக்கிறோம். கடல் விட்டால் வருவதாகச் சொன்னான்.