விமானி கண்டது பொய்யல்ல!

ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தை அந்தி நேரத்தில் அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? கீழே வீதியில் விளக்கு ஏற்றியாகிவிடும். ஆனால் 236 அடி உயரத்தில் இருக்கும் கலசங்கள் மட்டும் இன்னும் ஓரிரு நிமிஷம் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். நமக்கு அஸ்தமித்துவிட்ட சூரியன் அவற்றுக்கு அஸ்தமிக்கவில்லை! இந்தச் சின்ன விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், அமெரிக்க விமானிகளைத் திண்டாட வைத்த ஒரு மர்மம் சுலபமாக அவிழ்ந்துவிடும்.

1955-க்குப் பிறகு அந்த நாட்டுப் பிரயாணி விமானிகள் பலர் ஒரே மாதிரி புகார் சொல்ல ஆரம்பித்தார்கள். பொழுது சாய்ந்த பிறகு, தலைக்கு மேலே வெகு உயரத்தில், நெருப்புத் துண்டம் போல ஏதோ ஒன்று போகிறது என்றார்கள். அப்போது பிரயாணி விமானங்கள் பறந்த உயரம் 10,000 முதல் 20,000 அடி. ராணுவ விமானங்களே பெரும்பாலும் 40,000 அடிக்குக் கீழேதான். அதற்கும் மேலே மனிதன் போவதாவது! 'பறக்கும் தட்டு' என்று கிளம்பிவிட்டது பேச்சு.

போனது யூ-2 என்ற அமெரிக்க ஒற்றர் விமானம். உயரம் 60,000 அடிக்கும் மேல். தரையில் சூரியன் மறைந்து கால் மணி நேரம் ஆன பிறகும் அங்கே வெயில் இருக்கும். அந்த வெயில் அதன் வெள்ளி நிற இறக்கையில் பட்டுத் தெறித்தது. கீழே இருட்டில் வந்துகொண்டிருந்த விமானிக்கு அது நெருப்பாகத் தெரிந்தது. கோபுரக் கலசத்தின் கதைதான்.

இதில் ஒரு வேடிக்கை. புகாரை விசாரித்த விமானப் படை உத்தியோகஸ்தர்கள், யூ-2 பறந்த நாளையும் நேரத்தையும் ரகசியமாகக் கேட்டு ஒத்துப் பார்த்துவிடுவார்கள். பொருந்தினால் அவர்களுக்கு விஷயம் முடிந்தது. புகார் சொன்னவருக்கு மட்டும் உண்மையைச் சொல்லக் கூடாது! ஏதோ இயற்கைத் தோற்றம் என்று பதில் போகும்.

எனக்கு உறுத்துவது இதுதான். விமானியின் பிழைப்பே கண்ணை நம்பியது. ரகசியம் காக்க வேண்டியதுதான்; அதற்காகப் பார்த்தவனைப் பிரமை பிடித்தவன் ஆக்குவதா? "உனக்கு ஏதோ பிரமை" என்று சொல்லி ஒருவர் வாயை அடைப்பது எவ்வளவு சுலபம் என்பது குடும்பப் பெண்களுக்குத் தெரியாததல்ல. 2024 அக்டோபர் 11 அன்று கோளாறான ஒரு விமானம் திருச்சி வானத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமிட்டுப் பத்திரமாக இறங்கிற்றே, அதை ஊரே பார்த்தது. இல்லை என்று எவரும் சொல்லவில்லை. தனி மனிதன் பார்த்தால்தான் தகராறு!

"அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு?" என்று கேட்காதீர்கள். இதே யூ-2 நம் நாட்டிலும் வந்து தங்கியிருக்கிறது. 1962-ல் சீனாவுடன் மூண்ட யுத்தத்துக்குப் பிறகு, எல்லைக்கு அப்பால் நடப்பதைப் படம் பிடிக்க வேண்டியிருந்தது. 1963 ஜூனில் வாஷிங்டன் சென்ற நமது ஜனாதிபதி ராதாகிருஷ்ணனும் கென்னடியும் பேசி ஏற்பாடு செய்தார்கள். ஒரிஸ்ஸாவில் கட்டாக்குக்கு அருகேயுள்ள சார்பத்தியா விமானத் தளத்திலிருந்து 1964 மே 24 அன்று முதல் பயணம். மூன்றாம் நாள் நேருஜி காலமானார்; வேலை நின்றது. டிசம்பரில் மறுபடி பறந்தார்கள். 1967-ல் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

இத்தனை விவரமும் அமெரிக்க ஒற்றர் ஸ்தாபனம் எழுதி வைத்த சரித்திரத்திலேயே இருக்கிறது. அந்தப் பக்கங்களை ரகசியம் நீக்கி வெளியிட்டது 2013-ல்! சார்பத்தியாவுக்கு வருவதற்குள் யூ-2 கறுப்புச் சாயம் பூசிக்கொண்டுவிட்டது. கட்டாக்கில் யாராவது சாயங்காலம் அண்ணாந்து பார்த்திருந்தாலும், வானத்தில் நெருப்பு தெரிந்திருக்க நியாயமில்லை.