வெண்மைக்கு விலை கொடுப்பது யார்?

இராசபாளையத்து நாய் பால்போல் வெண்மையாக இருக்க வேண்டும். மூக்கு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். இதுவே அந்த இனத்தின் 'தூய்மை' என்று வளர்ப்போர் நெடுங்காலமாகச் சாதித்து வந்திருக்கிறார்கள். நிறம் கலந்து பிறந்த குட்டிகளை ஒதுக்கினார்கள், கொன்றவர்களும் உண்டு. 2005இல் இந்திய அஞ்சல் துறை முத்திரை வெளியிட்டுப் பெருமைப்படுத்திய இனம் இது. ஆயின் அந்த வெண்மைக்கு விலை கொடுப்பது யார்? நாயேதான். உட்செவி இயங்குவதற்கு நிறமிக் கலங்கள் வேண்டும். தோலிலிருந்து அவற்றை அகற்றும் பரம்பரையலகு செவியிலிருந்தும் அகற்றிவிடக்கூடும். அப்போது, பிறந்த சில வாரங்களிலேயே குட்டி செவிடாகிறது. காவலுக்கென்று பேர்பெற்ற நாய்க்குக் கள்வனின் காலடி கேட்பதில்லை!

தமிழகத்துச் சங்கதி வன்னிக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அல்சேஷன் கட்டி வளர்ப்பதைக் கௌரவமாகக் கருதுவோர் நம்மிடையே இல்லையா? இடுப்பு மூட்டு குழியிற் பொருந்தாத பரம்பரைக் கோளாறு அந்த இனத்தில் மலிந்தது. மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கும் பிராணி நாய். மூக்கை நசுக்கி உருவாக்கிய 'பக்' நாய், சோளகம் வீசும் ஆடி மாத வெயிலில் முல்லைத்தீவு மணலில் எவ்வாறு மூச்செடுக்கும்?

இதனை விதி என்போரை நாம் மறுக்கிறோம். தாயோடு மகனையும் உடன்பிறந்தவற்றையும் சேர்த்துக் குட்டி ஈனச் செய்தால், மறைந்திருந்த குறை இருபுறமிருந்தும் வந்து வெளிப்படும். மெண்டலின் பட்டாணிச் செடியில் நம் மாணவர் படித்த பாடமே இது. மனிதரிடையே குலத்தூய்மை பேசியோரை எதிர்த்த நாம், நாய் வியாபாரியின் வாயிலிருந்து அதே பேச்சு வரும்போது தலையாட்டுவதா?

வழி இல்லாமலில்லை. இடுப்பை எக்ஸ்கதிர்ப் படத்தாலும், செவியை மூளைத்தண்டின் மின்னலைகளாலும் சோதிக்க இயலும். நோய் மலிந்த கவலியர் இன நாய்களை இன்றுள்ள நிலையில் இனம்பெருக்குவது சட்டவிரோதம் என்று நோர்வேயின் உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. இங்கோ, 1907இல் ஆங்கிலேயர் ஆட்சி இயற்றிய மிருகவதைத் தடுப்புச் சட்டம், அடிப்பவனைக் கண்டதேயன்றிக் கருவிலேயே துன்பத்தை விதைப்பவனைக் காணவில்லை.

ஆசிரியர்களே, மாணவர்களே! குட்டியை விலைபேசுமுன் அதன் தாயையும் தந்தையையும் காட்டச் சொல்லுங்கள். மிருக வைத்தியரின் சோதனைச் சான்றைக் கேளுங்கள். குறையுள்ளதை ஈனச் செய்வதும், ஒரே தாயை ஓய்வின்றி ஈனச் செய்வதும் குற்றமாக வேண்டும். காவலுக்கு நாய் வேண்டுமெனில், பல இரத்தம் கலந்து நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகி, வன்னி வயல்களில் பன்றி விரட்டும் ஊர்நாய் இருக்கிறது. அதற்குத் தடுப்பூசி போட்டு, வயிறாரச் சோறிட்டு வளருங்கள்.